காத்துல இருக்குற நுண்ணுயிர பிடிச்சு எண்ணுறது எப்படி? தினசரி வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

மண்ணு ஆராய்ச்சி பண்றவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் பொறாமைதான். ஒரு கிராம் மண்ணுல நூறு கோடி பாக்டீரியா சும்மா கெடக்கும், ஒரு ஸ்பூன் எடுத்தா போதும். நமக்கு அப்படி இல்ல. ஒரு கன மீட்டர் காத்து, அதாவது எடை போட்டா சுமார் 1.2 கிலோ, அத்தனையையும் இழுத்தாலும் பத்தாயிரத்துல இருந்து பத்து லட்சம் செல் வரைக்கும்தான் கிடைக்கும், அதுலயும் பெரும்பாலானது பிளேட்ல (கிருமி வளர்க்கிற அகார்ங்கற சத்துக்கூழ் ஊத்துன தட்டு) போட்டா வளராது. சரக்கு இவ்ளோ கம்மியா இருக்கும்போது உங்க கை, உங்க மூச்சு, டிஎன்ஏ பிரிக்க நீங்க வாங்குன கிட்டுக்குள்ளயே ஒட்டிட்டு வர்ற டிஎன்ஏ, இதெல்லாம் காத்த விட பெருசா தெரிய ஆரம்பிச்சுரும். கீழ சொல்றதுல முக்கால்வாசி இந்த ஒரே தலைவலிய சமாளிக்கிறதுக்குத்தான்.

படி 1: சாம்ப்ளர் வாங்குறதுக்கு முன்னாடி கேள்விய எழுதுங்க

லேப்ல புதுசா சேர்றவங்க முதல் நாளே "எந்த மெஷின் நல்லது?"ன்னு கேப்பாங்க. அத கடைசில கேளுங்க. முதல்ல உங்களுக்கு என்ன தெரியணும்? எவ்ளோ இருக்குன்னா, யாரு இருக்கான்னா, உயிரோட இருக்கான்னா, இல்ல எங்கேந்து வந்துச்சுன்னா? நாலும் ஒண்ணு போல தோணும், ஆனா நாலுக்கும் வேற வேற வேலை.

எண்ணிக்கை மட்டும் போதும்னா க்யூபிசிஆர், அதாவது டிஎன்ஏவ பெருக்கி எவ்ளோ இருந்துச்சுன்னு அளக்குற பிசிஆர் முறை, போதும். யாரு யாருன்னு பாக்கணும்னா பாக்டீரியாவுக்கு 16எஸ், பூஞ்சைக்கு ஐடிஎஸ், இந்த மரபணுப் பகுதிகள சீக்வென்ஸ் பண்ணணும், அதாவது எழுத்து எழுத்தா படிக்கணும். உயிரோட இருக்கான்னு கேட்டா பிளேட்ல வளர்த்துதான் பாக்கணும், இல்லன்னா பிஎம்ஏன்னு ஒரு சாயம் இருக்கு, செல் சவ்வு கிழிஞ்சு போன பாக்டீரியாவோட டிஎன்ஏவ பிசிஆர்ல பெருகாம தடுக்கும், அத பயன்படுத்தலாம்.

எங்கேந்து வந்துச்சுங்கறதுதான் ரொம்ப பேர் கோட்டை விடுற இடம். கட்டடத்துக்குள்ள எடுக்குற ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதே நேரத்துல வெளில ஒண்ணு எடுத்தே ஆகணும். கலிஃபோர்னியால பெர்க்லி பல்கலைக்கழக குடியிருப்புல பண்ணி 2013ல வந்த ஒரு ஆய்வுல வீட்டுக்குள்ள இருந்த பூஞ்சைல பெரும்பகுதி வெளிக்காத்துல இருந்து வந்ததுதான்னும், சீசன் மாறுனா உள்ளயும் மாறுதுன்னும் பாத்தாங்க. பாக்டீரியா கதை வேற, அங்க மனுஷங்கதான் பெரிய சோர்ஸ். ஒரு வகுப்பறைல அளந்து 2012ல வெளியான கணக்குப்படி ஒரு ஆள் உள்ள இருந்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 3.7 கோடி பாக்டீரியா ஜீனோம் காத்துல கூடுது, அதுல நிறைய நடக்கும்போது தரைலேந்து கிளம்புற தூசி. அதனால வெளி சாம்பிள் இல்லாம "இந்த ஆபீஸ்ல கிளாடோஸ்போரியம் பூஞ்சை ஜாஸ்தி"ன்னு எழுதுனா, அன்னைக்கு ஊரு பூரா கிளாடோஸ்போரியம் ஜாஸ்தியா இருந்திருக்கும், அவ்ளோதான்.

படி 2: வெறும் கையோட ஒரு ரவுண்டு

மெஷின் எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி கட்டடத்த ஒரு தடவை வெறும் நோட்டோட சுத்திப் பாருங்க. காத்து எங்கேந்து உள்ள வருது, ஏசி ஃபில்டர் எந்த கிரேடு, எப்ப மாத்துனாங்க, ஜன்னல் தொறப்பாங்களா, தொட்டிச்செடி இருக்கா, கூரைல ஈரக்கறை இருக்கா, எத்தனை மணிக்கு தரை கூட்டுவாங்க. கூட்டுற நேரம் ரொம்ப முக்கியம், ஏன்னா அரை மணி நேரம் முன்னாடி ஒருத்தர் துடைப்பம் போட்டிருந்தா உங்க எண்ணிக்கை பல மடங்கு ஏறிடும். மெயின்டனன்ஸ் பாக்குறவர்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பேசுங்க, எந்தக் கருவியும் சொல்லாதத அவர் சொல்லுவாரு, "போன மாசம் அந்த ரூம்ல பைப் ஒடஞ்சுச்சு சார்"ன்னு.

அப்புறம் ஒரு கார்பன் டை ஆக்சைடு லாகர், ஒரு வெப்பம், ஈரப்பதம் லாகர், ரெண்டையும் ஒரு வாரம் முன்னாடியே வச்சிருங்க. வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் பக்கத்துல இருக்கும், உள்ள 1000 தாண்டுச்சுன்னா ஆள் கூட்டத்துக்கு தேவையான அளவு வெளிக்காத்து வரலன்னு அர்த்தம். ஆள் எத்தனை பேர் எப்ப இருந்தாங்கன்னு கேமரா இல்லாமலே ஓரளவு தெரிஞ்சுக்க இத விட மலிவான வழி கிடையாது.

படி 3: எதால பிடிக்கிறது

தொறந்த பிளேட்ட ஒரு மணி நேரம் வச்சுட்டு மூடுறது எல்லாத்துக்கும் தெரிஞ்ச வழி. தரைல இருந்து 1 மீட்டர், சுவத்துல இருந்து 1 மீட்டர், 1 மணி நேரம்னு ஒரு வழக்கம் உண்டு. செலவே இல்ல, சத்தமும் இல்ல, ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. அசையாத காத்துல 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துகள் 1 மீட்டர் இறங்க அஞ்சாறு நிமிஷம் போதும், 1 மைக்ரான் துகளுக்கு கிட்டத்தட்ட 8 மணி நேரம். அப்ப உங்க பிளேட் பெருசையே பிடிக்கும், சின்னது மேலயே சுத்திட்டு இருக்கும், நுரையீரல் ஆழம் வரைக்கும் போறது அந்த சின்னதுதான். எத்தனை லிட்டர் காத்துக்கு இந்த எண்ணிக்கைன்னும் சொல்ல முடியாது. ரெண்டு ரூம ஒப்பிட வச்சுக்கலாம், அதுக்கு மேல அத நம்பாதீங்க.

அடுத்தது ஆண்டர்சன் சாம்ப்ளர். 1958ல வந்த டிசைன், இன்னைக்கும் ஓடுது. ஆறு தட்டு அடுக்கு, ஒவ்வொரு தட்டுலயும் 400 ஓட்டை, அதுக்கு கீழ ஒரு அகார் பிளேட், மேல பெரிய ஓட்டை, கீழ போகப் போக சின்னது, நிமிஷத்துக்கு 28.3 லிட்டர் காத்து இழுக்கும். ஓட்டை சின்னதாக ஆக காத்து வேகமா பாயும், அதனால மேல் தட்டுல 7 மைக்ரானுக்கு மேல உள்ளது ஒட்டும், கடைசி தட்டுல 0.65 வரைக்கும் உள்ளது ஒட்டும். கைல எடுத்து பாத்தா பழைய டிபன் கேரியர் மாதிரியே இருக்கும், கிளிப் போட்டு மூடுறது உட்பட. உயிரோட இருக்குறத சைஸ் வாரியா எண்ணணும்னா இதான். ஆறும் வேண்டாம்னா கடைசி அடுக்க மட்டும் தனியா வச்சும் ஓட்டலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.

திரவத்துல பிடிக்கிற இம்பிஞ்சர்னு ஒண்ணு, நிமிஷத்துக்கு 12.5 லிட்டர். ஒரே சாம்பிள பிளேட்டுக்கும் பிசிஆருக்கும் பிரிச்சுக்கலாம்ங்கறது இதோட பெரிய வசதி, திரவம் ஆவியாகிட்டே இருக்கும்ங்கறது இதோட பெரிய தொல்லை.

டிஎன்ஏ வேலைக்கு ஃபில்டர்தான். எவ்ளோ நேரம் ஓட்டணும்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. நிமிஷத்துக்கு 10 லிட்டர் பம்ப், 8 மணி நேரம் ஓடுனா 4.8 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒரு லட்சம் செல்னு வச்சா 4.8 லட்சம் செல். ஒரு பாக்டீரியா செல்லுல சுமார் 5 ஃபெம்டோகிராம் டிஎன்ஏ, மொத்தம் 2.4 நானோகிராம் (பத்து லட்சம் ஃபெம்டோகிராம் சேர்ந்தா ஒரு நானோகிராம்), பிரிச்செடுக்கும்போது அதுலயும் கணிசமா போயிடும். ஒரு நாள் பூரா ஓட்டி இவ்ளோதான். அதனால முடிஞ்சா நிமிஷத்துக்கு 300 லிட்டர் இழுக்குற பெரிய சாம்ப்ளர் பாருங்க, ஒரு மணி நேரத்துலயே 18 கன மீட்டர் வந்துரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, ஃபில்டர்ல மணிக்கணக்கா காத்து பாயும்போது செல் காஞ்சு செத்துரும், அந்த ஃபில்டர பிளேட்ல கழுவி "ஒண்ணும் வளரல"ன்னு சந்தோஷப்படக் கூடாது.

காத்தையே விட்டுட்டு தூசிய எடுக்குறது இன்னொரு வழி, என் கட்சி பெரும்பாலும் இதான். அமெரிக்கால சுமார் 1200 வீட்டுல கதவு சட்டத்தோட மேல்விளிம்ப ஸ்வாப்ல தடவி எடுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த தூசிய வச்சே வீட்டுல நாய் இருக்கா, ஆம்பள பொம்பள விகிதம் என்னங்கற வரைக்கும் பாக்டீரியால தெரிஞ்சுது. அந்த விளிம்ப யாரும் துடைக்க மாட்டாங்க, கையும் படாது, மேலேந்து விழுந்தது அப்படியே இருக்கும், அதான் சூட்சுமம். காலிப் பெட்ரி டிஷ்ஷ தொறந்து ஒரு மாசம் அலமாரி மேல வச்சாலும் சரி, ஏசி ஃபில்டர்ல ஒரு துண்டு வெட்டி எடுத்தாலும் சரி. என்னைக்கு வந்ததுன்னு தூசி சொல்லாது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா தூசிக்குள்ளயே பூஞ்சை வளர்ந்துரும், அப்ப நீங்க காத்த பாக்கல, தோட்டத்த பாக்குறீங்க.

படி 4: ஃப்ளோ சரி பாக்குறது

இது போரான வேலை, அதனாலயே எல்லாரும் விட்டுர்றாங்க. பம்ப் டயல்ல என்ன போட்டிருக்குன்னு பாக்காதீங்க, வெளில காத்து ஓட்டத்த அளக்குற ஒரு ரோட்டாமீட்டரோ சோப்பு குமிழி மீட்டரோ மாட்டி, உள்ள பிளேட்டோ ஃபில்டரோ வச்ச நிலைலயே அளங்க, வேலை ஆரம்பிக்கிறப்ப ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு. ரெண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம்னா நான் அந்த சாம்பிள சந்தேகம்னு குறிச்சு வச்சிருவேன். ஆண்டர்சன்ல பிளேட்ல ஊத்துற அகாரோட உயரமும் முக்கியம், உயரம் மாறுனா ஓட்டைக்கும் அகாருக்கும் இடைவெளி மாறும், பிடிக்கிற சைஸும் மாறும். எல்லா பிளேட்லயும் ஒரே மில்லி ஊத்துங்க, கண்ணால பாத்து ஊத்தாதீங்க.

படி 5: சாம்பிள் நாள்

முந்தின நாளே எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டிருங்க, ஸ்பாட்ல கையுறையோட பேனா பிடிச்சு எழுதுனா அப்புறம் 1ஆ 7ஆன்னு தெரியாது.

சாம்ப்ளர துடைக்கிறதுல ரெண்டு விஷயம் இருக்கு. 70 சதவீத ஆல்கஹால் கிருமிய கொல்லும், அதோட டிஎன்ஏ அங்கயேதான் இருக்கும். பிளேட் வேலைக்கு ஆல்கஹால் போதும், டிஎன்ஏ வேலைன்னா முதல்ல நீர்த்த ப்ளீச், அப்புறம் டிஎன்ஏ இல்லாத தண்ணி, அப்புறம் ஆல்கஹால். ப்ளீச்ச தண்ணியால கழுவாம அதுமேலயே ஆல்கஹால் தெளிக்காதீங்க, ரெண்டும் சேர்ந்தா மோசமான புகை வரும்.

உக்காந்து வேலை பாக்குற இடம்னா 1.1 மீட்டர் உயரம், நின்னு நடக்குற இடம்னா 1.5 மீட்டர், ஏசி காத்து நேரா வந்து அடிக்கிற எடம் வேண்டாம். பம்போட எக்ஸாஸ்ட் எங்க அடிக்குதுன்னு பாருங்க, தரைய பாத்து அடிச்சா தூசிய கிளப்பி விட்டு நீங்களே உருவாக்குனத நீங்களே பிடிப்பீங்க. ஆன் பண்ணிட்டு ரூம விட்டு வெளில வாங்க, பக்கத்துல நின்னு மொபைல் பாத்துட்டு இருந்தா சாம்பிள்ல பாதி உங்க தோலுதான். அப்புறம் பம்ப் சத்தம், இதப் பத்தி எந்த கையேடும் சொல்ல மாட்டேங்குது, ஆனா ரெண்டாவது நாளே யாராவது பிளக்க புடுங்கிருவாங்க, அதனால சத்தம் கேக்காத பெட்டிக்குள்ள பம்ப வச்சு டியூப மட்டும் வெளில விடுங்க, பிளக் மேல "தயவு செய்து தொடாதீங்க, முடியுற நேரம் இது"ன்னு ஒரு சீட்டு ஒட்டுங்க.

இப்ப ஃபீல்டு பிளாங்க், அதாவது காத்தே இழுக்காத வெறும் சாம்பிள், நம்ம கையாலயும் டப்பாவாலயும் என்ன ஒட்டுதுன்னு பாக்க. ஒரு ஃபில்டர் எடுத்து, அதே கையுறையோட, அதே இடத்துல, சாம்ப்ளர்ல மாட்டி, பம்ப் ஆன் பண்ணாம கழட்டி, அதே மாதிரி டப்பால போட்டு, அதே ஐஸ் பாக்ஸ்ல கொண்டு வரணும். லேப்ல ஃப்ரீசர் பக்கத்துல உக்காந்து புது ஃபில்டர் ஒண்ண எடுத்து "பிளாங்க்"னு எழுதி வைக்கிறது பிளாங்க் இல்ல. பத்து சாம்பிளுக்கு ஒண்ணாவது, ஒவ்வொரு நாளும் குறைஞ்சது ஒண்ணு.

படி 6: வளர்த்து எண்ணுறது

எந்த அகார்னா, பாக்டீரியாவுக்கு டிஎஸ்ஏ இல்லன்னா ஆர்2ஏ, பூஞ்சைக்கு மால்ட் அகார், காஞ்ச இடத்துல வாழுற பூஞ்சை வேணும்னா டிஜி18. பாக்டீரியா பிளேட்ல பூஞ்சை பரவாம சைக்ளோஹெக்சிமைடு, பூஞ்சை பிளேட்ல பாக்டீரியா வராம குளோராம்ஃபெனிகால். பூஞ்சை 25 டிகிரில அஞ்சுலேந்து ஏழு நாள், ஆனா மூணாம் நாள்லேந்து தினமும் எண்ணுங்க, ரைசோபஸ் மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா ஒரே ராத்திரில பிளேட் பூரா பஞ்சு மாதிரி படர்ந்து மத்த காலனிய, அதாவது கண்ணுக்கு புள்ளியா தெரியுற கிருமிக் கூட்டத்த, மூடிரும். மூடிய தொறந்து மோந்து பாக்குற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுருங்க, குறிப்பா 37 டிகிரில வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் பிளேட்ட பயோசேஃப்டி கேபினட்டுக்குள்ள மட்டும் தொறங்க.

ஆண்டர்சன் பிளேட்ட எண்ணும்போது ஒரு திருத்தம் உண்டு. 400 ஓட்டைக்கு கீழ 400 எடம், ஒரே ஓட்டை வழியா ரெண்டு மூணு துகள் விழுந்தாலும் ஒரு காலனியாத்தான் தெரியும். 100 எடம் நிரம்பி இருந்தா உண்மைல விழுந்தது சுமார் 115, 200 நிரம்பி இருந்தா 277, 300ன்னா 553. பாருங்க எப்படி ஏறுதுன்னு. 300க்கு மேல போன பிளேட்ட நான் கணக்குல எடுக்குறதில்ல, நேரத்த கொறச்சு திரும்ப எடுப்பேன். அப்புறம் வகுத்தல்தான்: 5 நிமிஷம் ஓட்டுனா 141.5 லிட்டர், திருத்தி 115 காலனின்னா கன மீட்டருக்கு சுமார் 813 சிஎஃப்யூ (காலனியா வளரக்கூடிய அலகு).

படி 7: டிஎன்ஏ பக்கம்

காத்துல வர்றதுல பூஞ்சை வித்தும் தடிச்ச சுவர் உள்ள பாக்டீரியாவும் நிறைய, அதனால சின்ன சின்ன மணி உருண்டை போட்டு குலுக்குற பீட் பீட்டிங் இல்லாம உடைக்க முடியாது. பிரிச்செடுக்கிறப்ப வெறும் கிட் மட்டும் ஓட்டுன ஒரு பிளாங்க், பிசிஆர்ல தண்ணி மட்டும் போட்ட ஒரு பிளாங்க், யாரு யாரு இருக்கான்னு முன்னாடியே தெரிஞ்ச ஒரு மாக் கம்யூனிட்டி, மூணும் கட்டாயம். சீக்வென்ஸ் பண்றதுக்கு முன்னாடி க்யூபிசிஆர் ஓட்டி சாம்பிளும் பிளாங்க்கும் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு பாருங்க. ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருந்தா சீக்வென்ஸுக்கு காச கொட்டாதீங்க, இன்னும் நிறைய காத்து இழுங்க.

என் கதைய சொல்றேன். ஆரம்பத்துல ஒரு கட்டடத்துல எடுத்த சாம்பிள்ல ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம்னு ரெண்டு பாக்டீரியா அள்ளிக்கிட்டு வந்துச்சு. தண்ணி குழாய்ல ரால்ஸ்டோனியா, வெளில இருக்குற செடி மண்ணுலேந்து பிராடிரைசோபியம்னு ஒரு அழகான விளக்கத்த ரெண்டு பக்கத்துக்கு எழுதியும் முடிச்சுட்டேன், கிராஃப்லாம் போட்டு. பிளாங்க்க அந்த சீக்வென்ஸ் ரன்ல சேர்க்கல, காச மிச்சம் பண்ணலாம்னு. அடுத்த ரன்ல சேர்த்தேன், பிளாங்க்லயும் அதே ரெண்டு பேரு, அதே அளவுல. கிட்டுலேந்து வந்தது. ரெண்டும் கிட்ல வர்ற அசுத்தம்னு 2014லயே பட்டியல் போட்டு வெளியாகி இருக்கு, நான்தான் படிக்கல. அதுலேந்து ஒரே ஆய்வுக்கு ஒரே லாட் (ஒரே தடவைல தயாரிச்ச) கிட் வாங்குறேன், லாட் நம்பர நோட்புக்ல எழுதுறேன், பிளாங்க் இல்லாத ரன் ஓட்டுறதே இல்ல.

இன்னொண்ணு, உள் சாம்பிள் எல்லாம் திங்கள், வெளி சாம்பிள் எல்லாம் செவ்வாய்னு பிரிச்செடுக்காதீங்க. வித்தியாசம் வந்தா அது எடத்தாலயா கிழமையாலயான்னு கடவுளுக்குத்தான் தெரியும். கலந்து போடுங்க.

படி 8: டேட்டா வந்தாச்சு, அவசரப்படாதீங்க

முதல்ல குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா ரீட்ஸ (மெஷின் படிச்ச டிஎன்ஏ துணுக்குகள) எடுத்து வெளில போடுங்க, மகரந்தமும் செடித் துணுக்கும் காத்துல எக்கச்சக்கம், அதுங்க 16எஸ்ல பாக்டீரியா மாதிரியே வந்து நிக்கும். அப்புறம் டீகன்டாம் மாதிரி ஒரு டூல்ல பிளாங்க்க வச்சு அசுத்தத்த கண்டுபிடிங்க, ஆனா பிளாங்க்ல ஒரு ரீட் இருந்தாலே அத மொத்தமா தூக்கிராதீங்க, பிசிஆர் தட்டுல பக்கத்து குழில இருந்து தெறிச்ச நிஜமான ஸ்டஃபிலோகாக்கஸாவும் இருக்கலாம்.

சதவீதத்த பாத்து "கூடிருச்சு"ன்னு சொல்றது அடுத்த பொறி. மத்தது குறைஞ்சாலும் சதவீதம் கூடும். க்யூபிசிஆர் எண்ணிக்கையால பெருக்கி கன மீட்டருக்கு எவ்ளோன்னு பாத்துட்டு பேசுங்க.

பேரு வைக்கிறதுல ரொம்ப கவனம். நியூயார்க் சுரங்க ரயில்ல எடுத்த சாம்பிள வச்சு 2015ல வந்த பேப்பர்ல ஆந்த்ராக்ஸ், பிளேக் இது ரெண்டோட டிஎன்ஏ துணுக்கு இருக்குறதா எழுதிட்டாங்க, பத்திரிகைலாம் தலைப்பு செய்தி, நகர சுகாதாரத் துறை மறுத்துச்சு, அதே வருஷம் அவங்களே திருத்தம் போட்டாங்க. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு மண்ணுல நிறைய சொந்தக்காரங்க இருக்காங்க, சின்ன துணுக்கு ரெண்டுக்கும் பொருந்தும். அதனால 16எஸ்ல ஒரு பகுதிய மட்டும் படிச்சுட்டு இனப்பேரு வரைக்கும் போகாதீங்க, பேரினத்தோட நிறுத்துங்க. நோய்க்கிருமின்னு சந்தேகம்னா அதுக்குன்னே தனி டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணுங்க.

படி 9: கட்டடத்துக்காரங்களுக்கு சொல்றது

ரிப்போர்ட் கொடுத்ததும் அவங்க கேக்குற ஒரே கேள்வி, "813ன்னு போட்டிருக்கீங்களே, இது சேஃபா?" உலக சுகாதார நிறுவனம் 2009ல ஈரம், பூஞ்சை பத்தி வழிகாட்டுதல் வெளியிட்டப்பவே இதுக்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு எண் கொடுக்கல, கொடுக்குற அளவுக்கு ஆதாரம் இல்ல, ஈரத்தையும் பூஞ்சையையும் வரவிடாம பாத்துக்கோங்கன்னுதான் சொன்னாங்க. அதனால நான் வெளி சாம்பிள் எண்ண பக்கத்துல வச்சு காட்டுவேன். உள்ள 813, வெளில 1200, அதே பூஞ்சைங்கன்னா வெளிக்காத்து உள்ள வருது, அவ்ளோதான். உள்ள 813, வெளில 200, உள்ள மட்டும் பெனிசிலியம் பூஞ்சை தனியா நிக்குதுன்னா எங்கயோ ஈரம் இருக்கு. அப்ப திரும்ப காத்த அளக்க வேண்டாம், ஈரமானி எடுத்துட்டு சுவரத் தட்டிப் பாக்கணும், ஒழுகுற பைப்ப அடைக்கணும். இனிமே தண்ணி ஊறுனா 24லேந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வச்சிருங்கன்னும் சொல்லிட்டு வந்துருவேன். லேபுக்கு வந்ததும் மீதி இருக்குற பாதி ஃபில்டர தேதி, இடம், லாட் நம்பர் எழுதி மைனஸ் 80ல போட்டு வைப்பேன், ஆறு மாசம் கழிச்சு அதே கட்டடத்துலேந்து போன் வரும்.